பம்பைக் கழற்றுவதற்கு முன்

பழைய டீசல் பிக்கப் ஒன்று மிதித்தால் தயங்குகிறது, சந்தியில் நிறுத்தினால் அணைந்துவிடுகிறது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். மூன்று பேர், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப் போய்விட்டது என்பார்கள். நாலாவது ஆள் தனக்குத் தெரிந்த பம்ப் வேலைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையே தந்துவிடுவார். எனது டொயோட்டா ஹைலக்ஸுக்கும் இதுதான் நடந்தது. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பம்பைக் கழற்றி, பிரித்து, பாகங்கள் மாற்றிப் பூட்டுவித்திருக்கிறார். அதற்கான பற்றுச்சீட்டு வண்டிக்குள்ளேயே கிடந்தது. அவ்வளவு பணம் கொட்டியும் நோய் மாறாதபடியால்தான் அவர் விற்றார் என்பதை, வாங்கிய பிறகு நான் ஊகித்துக்கொண்டேன். விலை ஏன் அவ்வளவு இறங்கி வந்தது என்பதும் அப்போது விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் கதிரை, பந்தல் தகரம், கிடாரம் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். வண்டி 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பு. உள்ளே இருப்பது 3எல் என்ற டீசல் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 2779 சிசி, டேர்போ கிடையாது. எஞ்சினை ஆளுகின்ற கணினியும் கிடையாது. புதிய வண்டி என்றால் ஒரு கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்கலாம். அது காட்டுவது சரியோ பிழையோ, பேச்சைத் தொடங்க ஓரிடம் கிடைக்கும். இங்கே கண், காது, மூக்கு, ஒரு முழம் பிளாஸ்ரிக் குழாய், பொறுமை ஆகியவைதான் கருவிகள். கடைசியாகச் சொன்னது என்னிடம் குறைவு.

கோளாறை ஒரே கோளாறாகப் பார்க்காமல் பிரித்து எழுதியதுதான் நான் செய்த முதல் வேலை. வண்டி தொல்லை தருகிறது என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வாடகைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இப்படி எழுதினேன். காலையில் ஸ்ராட் வர நெடுநேரம் சுற்ற வேண்டும். வந்ததும் நடுங்கிக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சினின் ஓட்டம் ஏறி இறங்கி, சில வேளை அணைந்துவிடும். சுமையோடு நெடுஞ்சாலையில் போகும்போது மிதித்தால் ஒரு கணம் தயங்கிப் பிறகு இழுக்கும். இழுக்காமலே நின்றுவிடுவதும் உண்டு. இவற்றுக்குக் கீழே இன்னொரு வரி: தாங்கி நிரம்பியிருந்தால் முதல் இரண்டும் குறைகின்றன.

வந்து பார்த்தவர்களில் ஒருவராவது தாங்கியில் எவ்வளவு டீசல் இருந்தது என்று கேட்கவில்லை. எனக்கு அந்த வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால், பின்னால் தாங்கி நிரம்பியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அணைகிற விதத்தையும் கவனித்து வைத்திருந்தேன். டீசல் எஞ்சின் நிற்பதில் இரண்டு வகை உண்டு. திறப்பைத் திருப்பி நிறுத்தியதுபோல் பட்டென்று நின்றால், பம்பின் மேல் இருக்கிற டீசல் வெட்டும் சொலனொயிட்டையும் (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) அதற்குப் போகிற வயரையும் சந்தேகிக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ற் வந்துகொண்டிருக்கும் வரைதான் அது வழியைத் திறந்து வைத்திருக்கும். வயரின் முனை துருப்பிடித்து ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும், எஞ்சின் நின்றுவிடும். திணறி, இரண்டு சிலிண்டர் அடித்து இரண்டு விட்டு, மூச்சு வாங்கி நின்றால் அது டீசல் போதாமையால் வந்த நிறுத்தம். எனது வண்டி எப்போதும் இரண்டாவது விதமாகவே நின்றது. இருந்தாலும் பற்றரியிலிருந்து சொலனொயிட்டுக்கு நேரே ஒரு வயர் இழுத்து ஓடிப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கணக்கு அத்துடன் தீர்ந்தது.

காசு செலவில்லாத சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒருவர் அக்சிலேற்றரை முழுவதும் மிதிக்க, பொனற்றைத் திறந்து பம்பின் நெம்புகோல் அதன் கடைசி வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் நீண்டிருந்தால் அல்லது மிதிபலகைக்குக் கீழே கால்விரிப்பு சுருண்டிருந்தால் வராது. எனக்கு வந்தது. எயார் பில்ரரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வன்னிப் புழுதி நிறைந்திருந்தது, மாற்றினேன், தயக்கம் மாறவில்லை.

அடுத்தது புகை. இதற்கு மருமகனைப் பிடித்தேன். அக்காவின் மகன், மோட்டார் சைக்கிள் என்றால் சாப்பாடும் வேண்டாம். கதிரைகளை ஏற்றிக்கொண்டு நான் முன்னால் போக, அவன் பின்னால் வந்து, நான் கையைக் காட்டும் நேரத்தில் என்ன நிறப் புகை வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றுப் போதாமல் டீசல் கூடினால் கரும்புகை வரும். டீசலே போதாவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் புகை வராது. வண்டி மட்டும் பின்வாங்கும். புத்தூர்ப் பக்கம் ஒரு நேரான வீதியில் தயக்கம் வந்தது, கையைக் காட்டினேன். நிறுத்தியதும் மருமகன் சொன்னது: "மாமா, ஒரு துளி புகைகூட இல்லை. வண்டியை நீங்கள் நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்." அதன் பிறகு டீசல் வரும் வழியை மட்டும் பார்த்தால் போதும் என்று தெளிவாகிவிட்டது.

வழி என்றால் எது? தாங்கியின் அடியிலிருந்து உறிஞ்சு குழாய், வண்டியின் சட்டத்தோடு நீளும் இரும்புக் குழாய், இடையிடையே ரப்பர் குழாய்த் துண்டுகள், முன்னால் டீசல் பில்ரர், அதன் தலையில் கையால் அமுக்கும் சிறு பம்ப், பிறகு எஞ்சினோடு பூட்டிய பெரிய பம்ப். இந்த எஞ்சினில் டீசலைப் பின்னாலிருந்து தள்ளிவிட வேறு பம்ப் எதுவும் இல்லை. பெரிய பம்புக்குள் இருக்கிற சிறு இறக்கைப் பம்ப்தான் தாங்கி வரை எட்டி உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே அதற்கு முன்னால் உள்ள வழி முழுவதும் வெளியில் உள்ள காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

காற்று உள்ளே போனால் என்ன? டீசலை அழுத்தினால் அது சுருங்காமல் நின்று, சிலிண்டருக்கு டீசல் தூவும் இன்ஜெக்டரின் ஊசியைத் தூக்கிக்கொண்டு தூவும். காற்று சுருங்கிவிடும். குமிழி வந்த சிலிண்டருக்கு அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காது. ஒரு குமிழிக்கு ஒரு நடுக்கம். நிறையக் குமிழிக்குத் தயக்கம். இன்னும் கூடினால் அணைவு. இரவில் வண்டி நிற்கும்போதும் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழையும், குழாயில் நின்ற டீசல் மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடும். காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தது அதனால்தான். தாங்கியில் டீசல் மட்டம் இறங்க இறங்க உறிஞ்ச வேண்டிய உயரம் கூடும், உறிஞ்சு விசை கூடும், ஓட்டை வழியே நுழையும் காற்றும் கூடும். கொப்பியில் எழுதிய கடைசி வரிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக விளக்கியவர் கொடிகாமத்தில் இருக்கிற வயதான மெக்கானிக் ஒருவர். போரின்போது அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது போத்தலில் அளந்து விற்கப்பட்ட பொருள். ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் புகையின் மணம் இப்போதும் நினைவிருக்கும். எரிபொருள் எப்படி எஞ்சினுக்குப் போகிறது என்பதை அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அவர் சொன்ன இன்னொன்று: இந்த வகை டீசல் பம்புக்குத் தனியே ஒயில் கிடையாது, அதற்குள் ஓடும் டீசல்தான் அதன் ஒயில். மலிவு என்று மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் பெற்றோல் எஞ்சின் பொறுத்துக்கொண்டதைப் போல இது பொறுத்துக்கொள்ளாது.

அவர் செய்த முதல் சோதனையை ஒவ்வொரு டீசல் வண்டிக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பில்ரர் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்குங்கள். முதல் ஓரிரண்டு அமுக்கிலேயே இறுகினால் குழாயில் டீசல் நிற்கிறது. தொளதொளவென்று நெடுநேரம் போய்ப் பிறகு இறுகினால் இரவோடிரவாகக் காற்று நுழைந்திருக்கிறது. அப்படி இறுக்கிய பிறகு ஸ்ராட் உடனே வந்தால் சந்தேகமே வேண்டாம். எனக்கு உடனே வந்தது.

இரண்டாவது சோதனை கான் சோதனை. ஐந்து லீற்றர் கானில் சுத்தமான டீசல் எடுத்து, எஞ்சினைவிட உயரமான இடத்தில் கட்டி, தாங்கியிலிருந்து வரும் வழி முழுவதையும், பில்ரர் உட்பட, ஒதுக்கிவிட்டு, கானிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் போட்டார். பில்ரர் இல்லாமல் ஓட்டுவது கொஞ்ச நேரச் சோதனைக்கு மட்டும்; அதற்கும் டீசல் பளிங்காக இருக்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டு ஸ்ராட் செய்தார். வண்டி என்னிடம் வந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒரு சீரான சத்தம் வந்தது. மிதித்தார், உடனே எழுந்தது. விட்டார், ஆடாமல் இறங்கியது. மறுபடி மறுபடி மிதித்தார். பம்பிலும் இன்ஜெக்டரிலும் எந்தக் குறையும் இல்லை என்று அந்தக் கான் சொல்லிவிட்டது. முந்தியவர் பம்புக்குக் கொடுத்த பணத்தை நினைத்து வயிறு எரிந்தது, அது என் பணம் இல்லை என்றாலும்.

இனி ஓட்டை எங்கே என்று தேட வேண்டும். அவர் எடுத்தது கண்ணாடிபோல் தெளிவான ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு. பில்ரருக்கும் பெரிய பம்புக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி அதைப் பூட்டினார். எஞ்சின் ஓடும்போது அதற்குள்ளே சிறு குமிழிகள் வரிசையாக ஓடின. மிதிக்கும்போது அவை நுரையாகின. பிறகு அதே துண்டைக் கழற்றிப் பில்ரருக்கு முன்னால், தாங்கியிலிருந்து டீசல் வந்து சேரும் பக்கத்தில் பூட்டினார். அங்கே ஒரு குமிழிகூட இல்லை. டீசல் பில்ரருக்குள் சுத்தமாகப் போகிறது, நுரையோடு வெளியே வருகிறது. ஆகவே ஓட்டை பில்ரர் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கூட்டில் காற்று நுழையக்கூடிய இடங்கள் மூன்று. பில்ரரின் மேல் ரப்பர் வளையம், அடியில் தண்ணீரை உணரும் உணரியின் வளையம், தலையில் கைப்பம்ப். அடி உணரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பில்ரரை மாற்றும்போது அதைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும். தட்டையாகிப்போன பழைய வளையத்தோடேயே பூட்டிவிடுவார்கள். பெரியவர் பிசுபிசுப்பான கிறீஸை எடுத்து முதலில் அந்த உணரியைச் சுற்றித் தடவினார். குமிழி நிற்கவில்லை. மேல் வளையத்தைச் சுற்றித் தடவினார், நிற்கவில்லை. கைப்பம்பின் தண்டு உள்ளே போகிற இடத்தில் கட்டியாக அப்பினார். குழாயில் குமிழி குறைந்து குறைந்து நின்றது. சற்று நேரத்தில் கிறீஸை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்! பார்த்தால் அந்தத் தண்டைச் சுற்றி மட்டும் புழுதி ஈரமாக ஒட்டியிருந்தது. எஞ்சின் நின்ற பிறகு கசிந்த டீசலின் அடையாளம். பொனற்றை எத்தனையோ பேர் திறந்திருக்கிறார்கள். ஒழுகினால்தான் ஓட்டை என்று நினைப்பவர்களின் கண்ணுக்கு அது படவில்லை.

பில்ரரின் தலைப்பகுதியைக் கைப்பம்போடு முழுதாக மாற்றினோம். உள்ளே இருக்கிற ரப்பரை மட்டும் மாற்றலாம் என்று கடைக்காரர் சொன்னார். உலோகத் தண்டே தேய்ந்திருந்தபடியால் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வளையங்களும் செப்பு வோஷர்களும் புதிது. டீசல் திரும்பிப் போகும் ரப்பர் குழாய்களும் வெடிப்பு விட்டிருந்தன, அவற்றையும் மாற்றினோம். பூட்டும்போது பம்பின் மேல் உள்ள போல்ற்றுகளை இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. டீசல் திரும்பிப் போகும் வழியில் உள்ள போல்ற்றில் சிறிய துளை ஒன்று உண்டு. பம்புக்குள் அழுத்தம் நிற்பது அதனால்தான். உள்ளே வரும் வழியில் அதைப் பூட்டினால் புதிதாக ஒரு நோய் தொடங்கிவிடும்.

காலை ஸ்ராட் சரியாகிவிட்டது. சந்தியில் அணைவதும் போய்விட்டது. ஆனால் மூன்றாவது, சுமையோடு போகும்போது வரும் தயக்கம், போகவில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் கதிரை ஏற்றிப் போனோம். ஆனையிறவைத் தாண்டும்போது சோளகக் காற்று முகத்தில் அறைகிறது. மேலே கதிரை அடுக்கு, நாலாவது கியர், கால் தரை வரை. பரந்தனை நெருங்கும்போது தயக்கம் வந்தது. இரண்டு முறை இழுத்து, திணறி நின்றது. ஓரமாக விட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து திருப்பினால் எதுவும் நடக்காததுபோல் ஸ்ராட் வந்தது. கைப்பம்பும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதாவது காற்று நுழையவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஒன்றைச் சரிசெய்தும் வண்டி நின்றால் அந்த வேலையே பிழை என்று முடிவுகட்டிப் பம்புக்குப் போய்விடுகிறார்கள். ஒரே வண்டியில் இரண்டு கோளாறு இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. முப்பது வயது வண்டியில் இரண்டோடு நின்றால் அது அதிர்ஷ்டம்.

பெரியவர் அடுத்து எடுத்தது உறிஞ்சு விசையைக் காட்டும் ஒரு முள் மானி. பில்ரருக்கும் பம்புக்கும் இடையே ஒரு கிளை வைத்து, அதிலிருந்து குழாயைப் பொனற்றின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மானியைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வைப்பருக்குப் பக்கத்தில் நாடாவால் ஒட்டினார். உள்ளே கொண்டு வரவில்லை. குழாய் கழன்றால் மடியில் டீசல் கொட்டும். சுமையை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் தெற்கே விட்டோம், மருமகன் பக்கத்தில் இருந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இந்தச் சோதனையில் பார்க்க வேண்டியது முள் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டுமல்ல, எப்படி ஏறுகிறது என்பதையும். பில்ரர் அடைத்திருந்தாலும் அங்கே ஏறும். ஆனால் எங்கள் பில்ரர் புதிது. தாங்கியின் அடியில் உள்ள வலையில் கசடு படிந்திருந்தால் வேகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறி, வேகம் குறைய இறங்கும். எங்கள் முள் அப்படி ஏறவில்லை. கொடிகாமம், பளை எல்லாம் தாண்டும் வரை அடியிலேயே கிடந்தது. பளைக்கு அப்பால் திடீரென்று எகிறியது. "மாமா, ஏறிவிட்டது!" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் வண்டி தயங்கத் தொடங்கிவிட்டது. எஞ்சின் நின்றதும் முள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு தானாக விழுந்தது. கசடு அப்படி நடந்துகொள்ளாது. ஏதோ ஒன்று தாங்கிக்குள் மிதந்து திரிகிறது. உறிஞ்சு விசை கூடும்போது வந்து வலையில் ஒட்டுகிறது, எஞ்சின் நின்றதும் விடுகிறது. வீடு திரும்பி நடந்ததைச் சொன்னபோது, தாங்கியைத் திறப்பதற்கு முன்பே பெரியவர் கேட்டார்: "தம்பி, இதற்கு முன் வைத்திருந்தவர் கானில் டீசல் சேர்த்தவரா?"

விசாரித்தேன். சேர்த்தவர்தான். யார் சேர்க்கவில்லை? 2022இல் எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் இரவு பகலாகக் கிடந்து, கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு அளந்து வாங்கிய காலம் அது. வண்டியில் நிரப்பி, வீட்டில் உறிஞ்சிக் கானில் இறக்கி, தேவைக்குத் திரும்ப ஊற்றினார்கள்.

தாங்கியை இறக்குவது ஒரு முழு நாள் வேலை. டீசலை வடித்த பிறகும் பாரம். போல்ற்றுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. சூடு காட்டிக் கழற்றலாம் என்று மருமகன் சொன்னான். தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பு என்ற பேச்சே வேண்டாம் என்று பெரியவர் அதட்டிவிட்டார். முந்திய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் மெல்லத் தட்டிக் கழற்றினோம். மேல்மூடியைத் திறந்து உறிஞ்சு குழாயை உருவியபோது வலையில் கொஞ்சம் பழுப்பு நிற வழுவழுப்பு மட்டும் இருந்தது. தண்ணீர் சேர்ந்த டீசலில் வளர்வது அது. தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், அடியில் மிச்சமிருந்த டீசலில் ஒரு நீலத் துண்டு. ஷொப்பிங் பை! கானின் மூடி இறுகாவிட்டால் வாயில் ஒரு ஷொப்பிங் பையை விரித்து அதன்மேல் மூடியைத் திருகுவது எங்கள் எல்லோருடைய வீட்டிலும் உள்ள வழக்கம். திருகத் திருக அது கிழியும். கிழிந்த துண்டு டீசலோடு சேர்ந்து தாங்கிக்குள் போய்விட்டது. உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

தாங்கியைக் கழுவி, காயவைத்து, புது வலை போட்டுப் பூட்டினோம். அதே சுமையோடு அதே வீதியில் கிளிநொச்சி வரை போனபோது முள் அசையவில்லை. மானியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். தலைப்பகுதி, குழாய்கள், வலை, பெரியவரின் கூலி எல்லாம் சேர்த்தும் பம்பைப் பிரித்துப் பூட்டும் செலவுக்குக் கிட்டவும் வரவில்லை.

இந்த வகைக் கோளாறுக்கு ஊரில் இரண்டு குறுக்குவழிகள் சொல்கிறார்கள். குழாயில் ஒருவழி வால்வு போடுவது ஒன்று. இரவில் டீசல் திரும்பிப் போகாது, காலையில் ஸ்ராட் வரும். ஆனால் ஓடும்போது காற்று நுழைவது நுழைந்தபடியே இருக்கும். மின்சாரப் பம்ப் ஒன்றைத் தாங்கிப் பக்கம் பூட்டுவது மற்றது. அது தள்ளிவிடுவதால் குழாயில் உறிஞ்சு விசை போய் அழுத்தம் வரும். காற்று நுழைந்த ஓட்டை இனி டீசலை ஒழுக விடும், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில். இரண்டையும் நான் போடமாட்டேன். வீதியில் நடுவழியில் நிற்கிறவருக்கு வேறு வழியில்லை என்றால் வீடு வந்து சேர ஒருவழி வால்வு உதவும். வந்து சேர்ந்ததும் ஓட்டையைத் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாக இளக்கிப் பார்ப்பது பழைய முறை. சத்தம் மாறாத சிலிண்டர்தான் சோம்பேறி. முறை நல்லது. ஆனால் அங்கே வெளிவரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகத்தில் வரும். கையையோ முகத்தையோ கிட்டக் கொண்டு போகக் கூடாது. கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்க்கட்டும். தோலுக்குள் டீசல் ஏறினால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது மிச்சம் இருப்பது ரைமிங் பெல்ற். இந்த எஞ்சினில் அந்த ஒரே பெல்ற்தான் வால்வுகளை இயக்கும் தண்டையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது; 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குளிரில் இலேசாக வரும் வெள்ளைப் புகை இன்னும் முழுதாகப் போகவில்லை. பெல்ற் தளர்ந்து டீசல் தூவும் நேரம் பிந்தினாலும் அப்படி வரும். நல்லூர்த் திருவிழாவுக்கான வாடகை வேலைகள் முடிந்ததும் பெல்ற்றையும் அதை இறுக்கும் உருளையையும் சேர்த்து மாற்றப் போகிறோம். தானே மாற்றுவதாக மருமகன் நிற்கிறான். கழற்றட்டும், ஆனால் பூட்டிக் குறிகளைப் பொருத்தும்போது பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குறி தவறிச் சுற்றினால் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்ரனில் இடித்துவிடும்.